முப்பத்தெட்டுக்குத் தோட்டா இல்லை

"அப்பா, இவங்க எல்லாரும் சேர்ந்து யாரைச் சுடப் போறாங்க?"

டான்சி என்ற அந்தச் சிறுமிக்கு அப்போது ஆறு வயது. கொரோனா வந்த பிறகான முதல் குளிர்காலம். பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. எங்கள் பண்ணைக்கடையின் வாசலில் நாற்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் தன் அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, சிவந்த மூக்கோடு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள்.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் அப்பாவும் சிரித்தான். "யாரையும் இல்லடி தங்கம்."

"அப்போ எதுக்கு இவ்ளோ?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டார். கதவைத் திறக்கச் சாவியோடு நின்ற நான், பூட்டைத் திறப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மிசூரியின் தென்பகுதியில் எல்ம் ஃபோர்க் எங்கள் ஊர். கடையில் மாட்டுத் தீவனம், வேலிக்கம்பி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்போம். கடைசிக் கோடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் துப்பாக்கி வாங்க முடிந்தது, தோட்டாதான் நாட்டில் எங்கேயும் கிடைக்கவில்லை. நோய் ஒரு பக்கம், ஊர்வலமும் கலவரமும் ஒரு பக்கம். புயலுக்கு முன்னால் ரொட்டியை அள்ளுவதுபோல ஜனங்கள் தோட்டாவை அள்ளிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை விடிவதற்குள் லாரி வரும். தலைக்கு இரண்டு பெட்டி என்று முதலாளி அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். அதனால் மக்கள் தலைகளைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

ராய்ஸ் பர்செல் ஐந்து தலைகளோடு வருவார். அவர், அவர் மனைவி, இரண்டு மருமகள்கள், எண்பத்தெட்டு வயதான அவருடைய தாய் ஓபல். அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மூச்சு விட்டால் உதட்டிலேயே உறைகிற குளிரில் தள்ளிக்கொண்டு வருவார். பத்துப் பெட்டியையும் அவள் மடியில் அடுக்கி, மேலே கம்பளியைப் போர்த்திவிடுவார். அவரைப் பிள்ளையாய்ப் பெற்றதற்கு அந்த அம்மா அவருக்குத் தள்ளுவண்டியாகிவிட்டாள். கடைவாயில் வழிந்த எச்சிலை யாரும் துடைக்கவில்லை. நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ராய்ஸ் அதை வாங்கி, பெட்டிகளை எண்ணுவதற்கு வசதியாகத் தன் விரலைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்துத் துப்பாக்கிச் சந்தையில் அவர் மேசை போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பதினெட்டு டாலருக்குக் கொடுத்த பெட்டி அங்கே எண்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பாப்டிஸ்ட் சபை வாசலில் நின்று, "கர்த்தர் நல்லவர், பிரதர் லூதர்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குவார். காணிக்கைத் தட்டை ஏந்துகிறவரும் அவர்தான். அந்தக் கை என் கையைத் தொட்டுவிட்டுப் போன பிறகு, பாட்டுப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் என் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வேன். நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டேன்.

ஏழரைக்குள் எல்லாம் தீர்ந்துபோகும். பத்து மணிக்கு மார்லா வந்தாள்.

மார்லா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நாற்பது வயது தாண்டியவள். பெரிய தோள்கள், சோப்பு வாசனை, எப்போதும் ஈரம் காயாத சிவந்த கைகள்.

"ஒரு பெட்டி தோட்டா. ஒன்பது மில்லி அளவு. இருக்குன்னு பொய்யாவது சொல்லுங்க, பிரதர் லூதர்."

"இல்லம்மா."

"நாலாவது வியாழக்கிழமை."

"ஆறு மணிக்கே வரணும் மார்லா. ஏழரைக்கெல்லாம் துடைச்சு எடுத்துட்டுப் போயிடறாங்க."

"ஆறு மணிக்கு நான் ஹாப்கின்ஸ் தாத்தாவைக் குளிப்பாட்டிட்டு இருப்பேன். அவரைச் சோப்பு நுரையோட உட்கார வெச்சுட்டு இங்க வந்து நிக்கட்டுமா?"

கோட்டுப் பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துக் கண்ணாடி மேல் நிற்க வைத்தாள். அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

"பத்து குடுத்தாரு. எட்டு சுட்டேன், கொல்லையில ஒரு மரக்கட்டையை வெச்சு. கட்டைக்கு ஒரு கீறல் இல்ல. நல்லா இருக்கு அது."

"யாரு குடுத்தது?"

"ராய்ஸ்தான். போன மாசம் சபை முடிஞ்சு, வண்டி நிறுத்துற இடத்துல வெச்சு வித்தாரு. ஒன்பது மில்லிதான் வாங்கணும் சிஸ்டர், உலகம் பூரா அதுக்குத்தான் தோட்டா கிடைக்கும்னாரு. இப்போ எங்கேன்னு கேட்டா, என்கிட்ட இருக்கு, வெளியாளுக்கு எண்பது, உனக்கு எழுபத்தஞ்சுங்கறாரு." அவள் சிரித்தாள். "அஞ்சு டாலர் தள்ளுபடி. கிறிஸ்துவுக்குள்ள சகோதரியாச்சே."

அந்த இரண்டு தோட்டாக்களையும் அவள் பக்கம் நகர்த்தினேன்; எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

எதற்காக அவளுக்குத் துப்பாக்கி என்று நான் கேட்கவேண்டியதில்லை. ஊருக்கே தெரியும். அவளுடைய முன்னாள் கணவன் ஜெரட் மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் தாடையை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போனான். பதினெட்டாம் தேதி வெளியே வருகிறான். இன்னும் பதினான்கு நாள். அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்த காகிதம் அவளிடம் இருந்தது. சாலையில் பனி இல்லாவிட்டால் ஷெரிஃபின் ஆள் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். அவள் வீட்டுக்கு அக்கம்பக்கம் என்று எதுவும் கிடையாது. ஓடையும் மேய்ச்சல் நிலமும்தான்.

"அவனைச் சுடணும்னு எனக்கு ஆசை இல்லை," என்றாள் தணிந்த குரலில். "அவன் வந்து நிக்கும்போது என் கை நடுங்கக்கூடாது. அவ்வளவுதான். நடுங்கினா அவனுக்குத் தெரிஞ்சிடும். நாய்க்குத் தெரியற மாதிரி."

பழகினால்தான் கை நடுங்காது. பழகத் தோட்டா வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். என் மனைவி ஈடித்தின் கடைசி ஏழு வாரம் மார்லாதான் வந்தாள். நான்கு மணிக்கு அவள் வேலை முடியும். நான் கடையிலிருந்து திரும்ப ஆறு ஆகிவிடும். அந்த இரண்டு மணி நேரமும் அவள் போகமாட்டாள். ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். படுக்கையறையில் ஈடித்தின் தலையைத் தன் மடியில் வைத்து, இருக்கிற நாலு முடியை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஈடித் கண்ணை மூடி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், என்ன பாட்டென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அவள் போன பிறகு அந்த உறை சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது.

ஆகவே அன்று நான் என் வேலையை ஒழுங்காகச் செய்ய விரும்பினேன்.

"எந்தத் துப்பாக்கி நல்லதுன்னு இந்த வருஷம் கேக்கக்கூடாது மார்லா. எதுக்குத் தீனி இருக்குன்னுதான் கேக்கணும். மாடு வாங்கறதுக்கு முன்னால வைக்கோலைப் பாக்கறோம்ல? இவங்க எல்லாம் முதல்ல மாட்டை வாங்கிட்டாங்க. எல்லார்கிட்டயும் இருக்கிற அளவுதான் முதல்ல தீரும். ஒன்பது மில்லிக்கு நான் உனக்கு எதுவும் உறுதி சொல்ல முடியாது."

"எதுக்குத்தான் இருக்கு?"

பின்னால் திரும்பிக் காட்டினேன். காலியான அலமாரியில் ஒரே ஒரு மூலை மட்டும் நிறைந்திருந்தது. நாற்பது என்ற அளவுத் தோட்டா. முப்பது பெட்டிக்குக் குறையாது. போலீஸ்காரர்கள் எல்லாம் நாற்பதை விட்டுவிட்டு ஒன்பதுக்கு மாறியதில் அவர்களுடைய பழைய துப்பாக்கிகள் மலிவாக வந்து குவிந்தன. தோட்டாவும் தேங்கிக் கிடந்தது. சுட்டால் கையில் உதை பலமாக இருக்கும் என்று வரிசையில் நிற்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு பழைய போலீஸ் துப்பாக்கியைக் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். தோட்டா ஏற்றுவதற்கான மேல் தகட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது முகத்தைச் சுளித்தாள். ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய கட்டைவிரல் எலும்பு தேய்ந்திருந்தது. மூன்றாவது முயற்சியில்தான் இழுக்க முடிந்தது.

அதைக் கீழே வைத்தவள், கண்ணாடிக்குள் கிடந்த வேறொன்றைக் காட்டினாள். "இது?"

அது ஒரு ரிவால்வர். நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டா. வங்கிக் காவலாளி ஒருவர் இறந்த பிறகு அவருடைய மகள் கொண்டுவந்து விற்றது. இழுக்கத் தகடு கிடையாது. கனமான இரும்பு என்பதால் உதையும் அதிகம் இருக்காது. அவள் கையில் எடுத்ததும் இறுகியிருந்த தோள் தளர்ந்தது. எத்தனையோ பேர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதைப் பார்த்தவன் நான். கைக்குப் பொருந்தியது எது என்று சொல்லிவிடுவேன்.

"கரண்டி பிடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் ஆச்சரியத்தோடு. "இதுக்கு என்ன அளவு?"

"முப்பத்தெட்டு."

"தோட்டா?"

"முப்பத்தெட்டுக்குத் தோட்டா இல்லைம்மா," என்றேன். "இந்த மாவட்டத்துலயே இல்லை."

தீவன விலை சொல்வதுபோல வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு தடுமாற்றமும் இல்லை.

அவள் ரிவால்வரைத் திருப்பித் தந்துவிட்டு நாற்பதையே எடுத்துக்கொண்டாள். ராய்ஸ் விற்ற ஒன்பதை அதற்கு ஈடாகக் கொடுத்தாள். படிவம் எழுதினோம். இரண்டு பெட்டி தோட்டாவோடு போனாள். கதவருகே திரும்பி, "நீங்க ஒருத்தர்தான் இந்த ஊர்ல நேரா பேசறீங்க," என்றாள்.

அன்று மாலை வீட்டு நிலவறைக்கு இறங்கினேன். ஈடித் கடைசியாகப் போட்ட பீச் பழ ஜாடிகள் இன்னும் அங்கே அலமாரியில் இருக்கின்றன. திறக்க எனக்கு மனம் வந்ததில்லை. ஜாடிகளை விலக்கினேன். பின்னால் பதினான்கு பெட்டிகள். முப்பத்தெட்டு. பெட்டிக்கு ஐம்பது தோட்டா.

கடை திறப்பதற்கு முன்னால் வேலைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி எங்களுக்குத் தந்திருந்த சலுகை. இலையுதிர் காலத்திலிருந்து, முப்பத்தெட்டு வந்த ஒவ்வொரு வியாழக்கிழமையும், வாசலில் ஆட்கள் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது, உள்ளே நான் சூடாக நின்று இரண்டு பெட்டியை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். என்னிடமும் ஒரு ரிவால்வர் உண்டு. அதைச் சுட்டு ஆறு வருடம் ஆகிறது. நான் எதையும் விற்கவில்லை. விற்கவில்லை என்பதால்தான் ராய்ஸைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் சுத்தமானவன் என்று நினைத்திருந்தேன்.

பெட்டிகளின் அட்டை நிலவறை ஈரத்தில் லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தது. விரலில் சாம்பல் நிறத்தில் ஒட்டியது. 'அப்போ எதுக்கு இவ்ளோ?' என்று குழந்தை கேட்டது ஞாபகம் வந்தது. ஜாடிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே வந்து படுத்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொடுத்தால், இல்லை என்று சொன்னதை என்ன செய்வது? வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் தட்டை நீட்டும்போது காணிக்கையைப் போட்டேன். அன்று கையைத் துடைக்கவில்லை. எந்தக் கையை எதில் துடைப்பது?

புதன்கிழமை மாலை சபையில் சாப்பாடு உண்டு. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். மார்லா பீன்ஸ் பாத்திரத்தை இடது கையால் இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. விரல்கள் வீங்கி, வேகவைத்த கிழங்குபோல இருந்தன.

"என்ன ஆச்சு?" என்றேன், தெரிந்தே.

"உங்க நாற்பதுதான். கழுதை மாதிரி உதைக்குது. அறுபது சுட்டேன். கட்டையில ரெண்டு பட்டிருக்கு." பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு ஹாப்கின்ஸ் தாத்தாவைத் தூக்க முடியல. பாதியில நழுவிட்டார். அடி ஒண்ணும் படல. ஆனா 'என்னை விட்டுடாதே பொண்ணு'ன்னு கத்தினாரு பாருங்க. அதுதான் காதுலயே இருக்கு."

ராய்ஸ் கையில் வறுத்த கோழித்துண்டோடு வந்தார். "சிஸ்டர் மார்லா! நான்தான் சொன்னேன்ல, பொம்பளைங்க கைக்கு ஒன்பதுதான் லாயக்கு. கேட்டியா நீ? இந்த லூதர் பேச்சைக் கேட்டே. என்கிட்ட இன்னும் மூணு பெட்டி இருக்கு, உனக்காகவே எடுத்து வெச்சிருக்கேன்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான். ஜெபத்துல உன் பேரு வந்துச்சு."

மார்லா இடது கையைக் கோட்டுப் பையில் விட்டாள். அந்த இரண்டு தோட்டாக்களையும் எடுத்து ராய்ஸின் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில், உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தாள். "என்னோட ஒன்பதே போயிடுச்சு. இதையும் சேத்து வெச்சுக்கோங்க பிரதர். மூணு பெட்டியோட ரெண்டு. அடுத்த ஜெபத்துல யாராவது வருவாங்க."

மேசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராய்ஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கோழிக்கொழுப்பு ஒட்டிய விரல்களால் அந்த இரண்டையும் பொறுக்கி, கைக்குட்டையில் துடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் சாப்பிடாமல் தட்டை வைத்துவிட்டேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் தலைகுனிய, "ஆண்டவரே, எங்கள் தேவைக்குப் போதுமானதைத் தாரும்," என்று நன்றி ஜெபம் சொன்னவரும் ராய்ஸ்தான். ஆமென் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஓபல் அம்மாவை யாரோ நடைக்கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். மார்லா ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் கூழை எடுத்துக்கொண்டு போய், முழந்தாளிட்டு, இடது கையால் ஊட்டினாள். பழகாத கை, பாதி மோவாயில் வழிந்தது. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள்.

"இடக்கையாடி உனக்கு?" என்றாள் கிழவி.

"இன்னிக்கு மட்டும்."

"என் பையன் என் மடியில என்ன வெக்கிறான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கான். போன வாரம் பத்து. எண்ணினேன். வீடு போறவரைக்கும் காலு மரத்துப் போச்சு." ஒரு வாய் விழுங்கினாள். "எங்கப்பா ஒரே ஒரு தோட்டாவோட காட்டுக்குப் போவாரு. ஒரு மானோட வருவாரு. இவன் வண்டி நிறைய வெச்சிருக்கான், ஒரு முயல் அடிச்சு நான் பாத்ததில்ல."

மார்லா வாய்விட்டுச் சிரித்தாள். கூழ் கம்பளியில் சிந்தியது.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். "மார்லா," என்றேன், "நாளைக்கு அந்த நாற்பதைக் கொண்டு வா. ரிவால்வரை எடுத்து வெச்சிருக்கேன். மாத்திக்கலாம்."

"முப்பத்தெட்டுக்குத்தான் தோட்டாவே இல்லைன்னீங்களே."

"வரும்."

"எப்போ? அவன் வர்றதுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"வரும்மா. வரும்னு சொல்றேன்ல."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். "சரி," என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். நிச்சயம் இல்லை.

மறுநாள் லாரியில் நான்கு பெட்டி முப்பத்தெட்டு வந்தது. "உன் ரெண்டை எடுத்துக்கோ லூதர், கதவைத் திறக்கப் போறேன்," என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்த இரண்டையும் சேர்த்து நான்கும் அலமாரிக்குப் போயின. ஐந்தே நிமிடத்தில் வரிசை அவற்றை விழுங்கியது. அதில் இரண்டை எடுத்தவர் ராய்ஸ். அவரிடம் முப்பத்தெட்டில் துப்பாக்கியே கிடையாது.

பத்து மணிக்கு மார்லா வந்து நாற்பதைக் கொடுத்து ரிவால்வரை வாங்கிக்கொண்டு போனாள். "காலி மாட்டை வாங்கிட்டுப் போறேன்," என்றாள் கிண்டலாக. "வைக்கோல் உங்க பொறுப்பு."

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையின் கடைசியில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஜெரட் வந்தான். மார்ச் மாதம், ஒரு மாலை. அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். அவள் கதவைத் திறந்து முன்படியில் நின்றாள். கை தொங்கியபடி இருந்தது, கையில் ரிவால்வர் இருந்தது. "திரும்பிப் போ ஜெரட், ஷெரிஃபுக்குச் சொல்லியாச்சு," என்று மட்டும் சொன்னாளாம். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தானாம், வெகுநேரம். பிறகு வண்டியேறிப் போனான். ஷெரிஃபின் ஆட்கள் நெடுஞ்சாலையில் அவனைப் பிடித்தார்கள்; மறுபடி உள்ளே போனான். ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. அதற்காக நான் தினமும் நன்றி சொல்கிறேன், அவனுக்காகவும் சேர்த்து.

அந்த வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன். மதிய உணவு நேரத்தில் வீட்டுக்குப் போனேன். பீச் ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். பூஞ்சையைப் பழைய துணியால் துடைத்து, பெட்டிகளைக் காய்ந்த தீவனச் சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றினேன். மார்லா அந்த நேரத்தில் மதியச் சாப்பாடு ஊட்ட மறுபடி ஹாப்கின்ஸ் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தெரியும்.

சாலையோரத்து அஞ்சல் பெட்டியில் வைக்கமுடியாது. தபாலைத் தவிர வேறெதையும் அதில் வைப்பது குற்றம், தவிர யாராவது பார்ப்பார்கள். வீட்டின் பின்பக்கம் போனேன். பின்வாசலில் கோழித்தீவனம் வைக்கும் தகரப் பெட்டி இருந்தது. ராக்கூன் திறக்காமலிருக்க மூடியின் மேல் ஒரு செங்கல். ராத்திரி என்ன நேரமானாலும் கோழிக்குத் தீவனம் போடாமல் அவள் படுக்கமாட்டாள். செங்கலை எடுத்து, மூடியைத் திறந்து, சாக்கைத் தானியத்தின் மேல் வைத்தேன். சீட்டு எதுவும் எழுதவில்லை. கோழிகள் கம்பிக்குப் பின்னால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்று கொக்கரித்தன.

திரும்பி ஓடைப் பாலம் வரை வந்துவிட்டேன். அங்கே வண்டியை நிறுத்தினேன்.

என் கோட்டின் உள்பையில் ஒரு பெட்டி இருந்தது. சாக்கைக் கட்டும்போது, ஒன்று வீட்டில் இருக்கட்டும், காலம் கெட்டுக்கிடக்கிறது என்று, யோசிக்காமலே கை எடுத்து வைத்திருந்தது. பதினான்கில் பதின்மூன்றைத்தான் கொடுத்திருந்தேன். ராய்ஸ் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட அந்த இரண்டும் நினைவுக்கு வந்தன. பெட்டியின் மூலை விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

பாலத்தின் மேலேயே வண்டியைத் திருப்பினேன். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. பின்வாசலுக்குப் போகும் வழியில், பழைய பனியில் பதிந்த என் பூட்ஸ் தடங்கள் அப்படியே இருந்தன. அவற்றிலேயே கால் வைத்து நடந்தேன். மூடியைத் திறந்து, சாக்கின் முடிச்சை அவிழ்த்து, அந்தப் பெட்டியையும் உள்ளே வைத்துக் கட்டினேன். ஒரு பிடி தானியம் எடுத்துக் கோழிகளுக்கு வீசினேன். மூடியைச் சாத்தி, செங்கலைத் துடைத்து, இருந்த மாதிரியே மேலே வைத்தேன்.